எல்லா வண்டியும் இப்படித்தான் சார்!

முதல்லயே ரெண்டு டிஸ்கி போட்டுடறேன்.

டிஸ்கி 1: என் காரோட கம்பெனி பேரை இந்தப் பதிவில் சொல்லப் போவதில்லை. பயம்னே வச்சுக்கோங்க. வீட்டு லோன் இருக்கு, கார் லோன் இருக்கு, வக்கீலுக்கும் மாசத் தவணை கட்ட உடம்பில் தெம்பு இல்லை. கீழே பேர் சொல்லி எழுதியிருப்பதெல்லாம் ஊரறிந்த அரசாங்க, கோர்ட் விவகாரங்கள். அதை வச்சு என் வண்டி எதுன்னு துப்பறிய வேண்டாம்.

டிஸ்கி 2: கொஞ்சம் நீளமான புலம்பல். ஆபீசில் ஆணி அதிகம் உள்ளவர்கள் டீ பிரேக்கில் படிக்கவும். பிரேக்னு சொன்னதும் நேரா விஷயத்துக்கே வந்துடறேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். கார் வாங்கி நாலு மாசம். அஞ்சு நட்சத்திரம் வாங்கின எஸ்யூவி. ஷோரூம்காரர் "ஃபேமிலிக்குன்னே செஞ்ச வண்டி சார், அடாஸ் இருக்கு, நீங்க தூங்கினாலும் வண்டி தூங்காது"ன்னு சொல்லித் தான் வித்தார். அந்த வசதி இருக்கற மேல் வேரியன்ட்டுக்காக ரெண்டு லட்சம் கூடக் கொடுத்தேன். குழந்தை இருக்கு, பாதுகாப்பு முக்கியம்னு தங்கமணியிடம் பேசிச் சம்மதம் வாங்கினதும் நான் தான். சொந்த செலவில் சூனியம்.

காலை ஆறரை மணி. முன்னாடி அப்பா. பின்னாடி ஒரு ஓரத்தில் அம்மா, இன்னொரு ஓரத்தில் சைல்டு சீட்டில் ஜூனியர், நடுவில் தங்கமணி. மேல்மருவத்தூர், அச்சரப்பாக்கம் எல்லாம் தாண்டியாச்சு. 90ல போயிட்டிருக்கேன். முன்னாடி ஒரு வண்டி கிடையாது, ஆடு மாடு கிடையாது. ரோட்டுக்கு மேலே ஊர் பேர் எழுதின பச்சை போர்டு மாட்டிய இரும்பு வளைவு மட்டும் இருக்கு. திடீர்னு டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு, பீப் பீப்னு அலறல், அடுத்த நொடி வண்டி தானே பிரேக்கை மிதிச்சது. மெதுவா இல்லை. முன்னாடி ஒரு ஆளு குறுக்கே விழுந்தா எப்படி மிதிப்போமோ அப்படி. நான் சுதாரித்து ஆக்சிலேட்டரை அழுத்தறதுக்குள் 90 வந்து நாற்பதுக்குக் கீழே இறங்கிடுச்சு.

பின்னாடி ஒரு லாரி வந்துட்டிருந்தது. அந்த லாரி அண்ணன் வலது பக்கம் ஒடிச்சு, ஒரு முழ இடைவெளியில் எங்களை உரசாமல் தாண்டிப் போனார். போகும்போது ஜன்னல் வழியா என் குடும்பத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நியாயமான வார்த்தைகள். அவர் அரை நொடி கண் அசந்திருந்தால் இந்தப் பதிவே கிடையாது.

அம்மா நெற்றி முன் சீட்டில் இடிச்சு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். பெல்ட் போடச் சொல்லாதது என் தப்பு. ஒத்துக்கறேன். இப்போ பின் சீட்டில் பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்தறதே இல்லை. ஆனா அன்னிக்கு அம்மா நெற்றியைப் பிடிச்சுக்கிட்டே சொன்னது இன்னும் காதுல இருக்கு: "பார்த்து ஓட்டக் கூடாதாப்பா?"

நான் பிரேக் போடலைம்மா, வண்டி தானா போட்டுச்சுன்னு சொன்னேன். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பத்தாங்கிளாஸ்ல மார்க் ஷீட்டைப் பேனா தானா திருத்திடுச்சுன்னு சொல்லியிருந்தா எப்படிப் பார்த்திருப்பாரோ அந்தப் பார்வை. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் பேசலை.

திரும்பி வரும்போது விக்கிரவாண்டி பக்கம் இன்னொரு தடவை. நல்ல வேளை, பின்னாடி யாரும் இல்லை. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு ஓ.எம்.ஆரில், மெட்ரோ வேலைக்கு வச்சிருக்கற தடுப்புகளுக்குப் பக்கத்தில் மூணாவது தடவை. பின்னாடி வந்த பைக்காரப் பையன் இடிச்சு, விழாமல் சமாளிச்சுட்டான். அவனிடமும் நான் தான் திட்டு வாங்கினேன்.

இப்போ சர்வீஸ் சென்டர் புராணம்.

முதல் தடவை போனேன். சர்வீஸ் அட்வைசர் தம்பி ரொம்ப மரியாதையான பையன், இருபத்தி மூணு வயசு இருக்கும். காபி கொடுத்தான். ரெண்டு மணி நேரம் கழிச்சு, "ஸ்கேன் பண்ணிட்டோம் சார், எரர் கோட் எதுவும் இல்ல. டெஸ்ட் டிரைவும் போய்ட்டு வந்தோம், வண்டி சூப்பரா இருக்கு."

ரெண்டாவது தடவை. "முன்னாடி சென்சர்ல தூசி இருந்துச்சு சார். க்ளீன் பண்ணிட்டோம். ஒரு அப்டேட்டும் போட்டாச்சு." என்ன அப்டேட், அதில் எதைச் சரி செஞ்சிருக்காங்க? "அது கம்பெனியிலேர்ந்து வர்றது சார், எங்களுக்கே தெரியாது." பில்லில் சென்சர் துடைச்சதுக்குக் காசு. அப்டேட் பற்றி ஒரு வரி இல்லை.

மூணாவது தடவை கொஞ்சம் சத்தம் போட்டேன். மேனேஜர் வந்தார். ஏ.சி. ரூமில் உட்கார வச்சு, தோள்ல கை போடாத குறையா சொன்னார்: "சார், நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்குவீங்க. இது டிஃபெக்ட் இல்ல. எல்லா வண்டியும் இப்படித்தான் சார். நம்ம ஊர் ரோட்டுக்கு அது கொஞ்சம் சென்சிட்டிவ். பிடிக்கலைன்னா ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க."

எல்லா வண்டியும் இப்படித்தான். இந்த வாக்கியத்தை வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க ரத்தம் கொதிச்சது. என் ஒருத்தன் வண்டி மட்டும் இப்படின்னா அது ரிப்பேர். எல்லா வண்டியும் இப்படின்னா அதுக்குப் பேர் தான் டிஃபெக்ட்! தன் கம்பெனிக்கு எதிரான வாக்குமூலத்தையே அந்த மனுஷன் எனக்கு ஆறுதலா சொல்லி அனுப்பியிருக்கார். நானும் தலையாட்டிட்டு வந்திருக்கேன்.

கிளம்பும்போது நடந்தது தான் இந்தப் பதிவுக்கே காரணம். அட்வைசர் தம்பி கார் கதவு வரைக்கும் வந்து மெதுவா சொன்னான்: "சார், கம்பெனியிலேர்ந்து ஃபீட்பேக் கால் வரும். பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார். ஒன்பது சொன்னாக் கூட எனக்கு இன்சென்டிவ் கட்டாகும்."

பாவம், அவன் என்ன பண்ணுவான். கால் வந்தது. பத்துன்னு சொன்னேன். மூணு தடவையும் சொன்னேன்.

அப்புறம் தான் ஜாப் கார்டுகளை எடுத்து வரிசையா வச்சுப் பார்த்தேன். முதல் கார்டில் 'ஜெனரல் செக்கப்'. ரெண்டாவதில் 'சென்சர் க்ளீனிங்'. மூணாவதில் 'வாடிக்கையாளருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது'. வண்டி தானா பிரேக் போட்டது, லாரி மயிரிழையில் தப்பியது, அம்மா நெற்றி வீங்கியது, எதுவும் எதிலும் இல்லை. கம்பெனி கம்ப்யூட்டரில் என்னைத் தேடினால் என்ன கிடைக்கும்? மூணு தடவை வந்தார், மூணு தடவையும் பத்துக்குப் பத்து கொடுத்த பரம திருப்தியான வாடிக்கையாளர். ஒரு கொலைகாரக் கோளாறைத் திருப்தியான வாடிக்கையாளரா மாத்தற இந்த ரசவாதத்தில் நானும் ஒரு கூட்டாளி.

நானும் பொட்டி தட்டறவன் தான். அதனால் இந்த வசனமெல்லாம் எனக்குப் புதுசு இல்லை. 'எரர் கோட் இல்ல சார்' என்பது எங்க ஊர் 'நாட் ரீப்ரொட்யூசிபிள்'. 'எல்லா வண்டியும் இப்படித்தான்' என்பது 'வொர்க்கிங் ஆஸ் டிசைன்ட்'. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு எத்தனை பக்கை நான் இப்படி மூடியிருக்கேன்னு என் மனசாட்சிக்குத் தெரியும். ஆனா என் பக்கில் யாரோ ஒருத்தரோட பே ஸ்லிப்பில் ஒரு கட்டம் தள்ளி வரும். இங்கே அம்மா நெற்றி.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். சம்பவம் நடந்தப்போ என் வண்டி மொத்தம் ஓடினது சுமார் 6,000 கிலோமீட்டர். மூணு தடவை கோளாறு. அதாவது 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. சர்வீஸ் சென்டர்காரர் டெஸ்ட் டிரைவ் போனது பக்கத்து சிக்னல் வரைக்கும், போக வர நாலு கிலோமீட்டர். அந்த நாலு கிலோமீட்டரில் இந்தக் கோளாறு வர வாய்ப்பு 500ல் ஒண்ணு. அதுவும் அவர் இரும்பு வளைவே இல்லாத சந்துக்குள் 30ல் ஓட்டறார். 'வரலை சார்'னு சொல்றது பெரிய கண்டுபிடிப்பா? வராது தான்!

எப்பவாவது வரும் பக்கைப் பிடிக்க ஒரே வழி தான் உண்டு. ஆயிரம் பேர் வண்டியில் நடந்ததை ஒரே இடத்தில் எழுதி வச்சுப் பார்க்கணும். யாருக்கு, எந்த இடத்தில், என்ன வேகத்தில், எந்த சாஃப்ட்வேர் வெர்ஷனில்னு அடுக்கினால் அரை நாளில் ஒரு ஒழுங்கு தெரியும். அந்த எழுதி வைக்கும் இடத்தைத் தான் 'ஜெனரல் செக்கப்' என்ற ரெண்டு வார்த்தையால் அடைச்சு வச்சிருக்காங்க.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். தானா பிரேக் போடற தொழில்நுட்பமே வேண்டாம்னு நான் சொல்லலை. ரேடாரும் கேமராவும் சேர்ந்து முன்னாடி இருப்பதைப் பார்த்து, டிரைவர் கவனிக்காதப்போ பிரேக் போடறது உயிரைக் காப்பாத்தற விஷயம். ஆனா அதில் ரெண்டு விதமான தப்பு உண்டு. ஆள் இருக்கும்போது பிரேக் போடாமல் விடறது ஒண்ணு. ஆளே இல்லாதப்போ பிரேக் போடறது இன்னொண்ணு. அமெரிக்காவில் இந்த வசதியைப் புதுக் கார்களில் கட்டாயமாக்க 2024 ஏப்ரலில் அறிவிச்ச விதியில், ரெண்டாவது தப்புக்கும் சோதனை வச்சிருக்காங்க. ரோட்டில் கிடக்கும் இரும்புத் தகட்டின் மேல் போகும்போதும், நிறுத்தியிருக்கும் ரெண்டு கார்களுக்கு நடுவே போகும்போதும் வண்டி வீணா பிரேக் போடக் கூடாது. வீண் பிரேக்கும் ஒரு கோளாறு தான்னு அந்த ஊர் அரசாங்கம் எழுதியே வச்சிருக்கு. அதை என் மேனேஜர் 'சென்சிட்டிவ்'னு செல்லமா சொல்றார்.

"இது உன் ஒருத்தனோட கதை, விடு"ன்னு சொல்லப் போறவங்களுக்கு ஒரு நிஜக் கதை.

ஹோண்டா சி.ஆர்-வி. அமெரிக்காவில் குழந்தை குட்டியோட இருப்பவர்கள் வாங்கற சாதாரணக் குடும்ப எஸ்யூவி. 2017 முதல் 2019 வரை வந்த சி.ஆர்-வியும், 2018, 2019 அக்கார்டு கார்களும் காரணமே இல்லாமல் தானா பிரேக் போடுதுன்னு மக்கள் புகார் கொடுத்தாங்க. 2022 பிப்ரவரியில் அந்த ஊர் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ விசாரணையைத் தொடங்கியது. எத்தனை புகாருக்குத் தெரியுமா? 278. எத்தனை கார்களை விசாரிச்சாங்க? சுமார் 17 லட்சம். ஆறாயிரம் காருக்கு ஒரு புகார் வந்ததுமே அரசாங்கம் எழுந்து உட்கார்ந்துடுச்சு. 2024 ஏப்ரலில் அந்த விசாரணையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போனாங்க. கணக்கில் வந்த கார்கள் இப்போ சுமார் 30 லட்சம்.

அந்த விசாரணையில் கம்பெனி என்ன சொல்லுச்சு? சில வாடிக்கையாளர்களுக்கு இந்த வசதி எப்படி வேலை செய்யும், அதோட எல்லை எதுங்கறது சரியாப் புரியலையாம். புகார் கொடுத்தவர்களில் பலர் என்ன சொல்லியிருந்தாங்க? டீலரிடம் போனோம், எங்களால் அந்தக் கோளாறை வரவழைக்க முடியலைன்னாங்க, இல்லாட்டி இது நார்மல் தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

படிச்சப்போ சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஏழு கடல் தாண்டியும் அதே வசனம்! அங்கேயும் ஒரு ஏ.சி. ரூம் மேனேஜர் தோள்ல கை போடாத குறையா சொல்லியிருப்பார் போல. வசனம் ஒண்ணு தான். அதுக்கு அப்புறம் நடப்பது தான் வேற. அங்கே ஏமாந்து வெளியே வந்தவர் நேரா அரசாங்கத்திடம் புகார் எழுதலாம். மாடல் பேரைத் தட்டினால் மத்தவங்க எழுதின புகார்களும் வரிசையா வரும், யார் வேணும்னாலும் படிக்கலாம். நாம தனி ஆள் இல்லைன்னு தெரிஞ்சுக்க ரெண்டு நிமிஷம் போதும்.

அவங்க ஒண்ணும் பிறவி யோக்கியர்கள் இல்லை. அடிபட்டுத் தான் கத்துக்கிட்டாங்க. அந்தக் காலத்துக் குடும்ப எஸ்யூவியான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஃபயர்ஸ்டோன் டயர் பிய்ஞ்சு வண்டி உருண்டு ஜனங்கள் செத்தாங்க. அமெரிக்காவில் மட்டும் 271 சாவுகளை அரசாங்கம் கணக்கு எடுத்தது. 65 லட்சம் டயரைத் திரும்பப் பெறுவதா 2000 ஆகஸ்டில் அறிவிச்சாங்க. ஆனா அதுக்கு முந்தின வருஷமே சவூதி பக்கம் ஓடற வண்டிகளுக்கு டயரை மாத்திக் கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, சொந்த ஊர் அரசாங்கத்துக்குச் சொல்லாமலேயே! இது வெளியே வந்ததும் அதே வருஷம் சட்டம் போட்டாங்க. வெளிநாட்டில் ஒரு கோளாறைச் சரி செஞ்சா இங்கேயும் சொல்லணும். அதை விட முக்கியம், வாடிக்கையாளர் புகார், வாரன்ட்டியில் மாத்திக் கொடுத்தது, இதன் எண்ணிக்கையெல்லாம் கம்பெனி தானாகவே அரசாங்கத்துக்கு அனுப்பிக்கிட்டே இருக்கணும். அதாவது நான் சத்தம் போடாவிட்டாலும் என் ஜாப் கார்டு சத்தம் போடும்.

சரி, நம்ம ஊர்?

சட்டமே இல்லைன்னு சொல்ல முடியாது. 2012ல் கார் கம்பெனிகள் சேர்ந்து, கோளாறு இருந்தா நாங்களே முன்வந்து திரும்பப் பெறுவோம்னு ஒரு நடத்தை விதி வச்சாங்க. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு வந்தது. கோளாறான வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போடலாம். 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விதிகளும் அமலுக்கு வந்தன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டியா இருக்கணும். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி வரை. ஒரு கோடி! நல்லா ஓடற மாடலில் நாலஞ்சு கார் வித்த காசு.

எத்தனை புகார் வரணும்? அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. நிறைய விக்கிற கார்னா ஆயிரத்தைத் தாண்டணும், அதிகபட்சம் 1,250 வரை. நியாயமா சொல்லணும்னா புகார் எண்ணிக்கை மட்டுமே வழி இல்லை. சோதனை நிலைய அறிக்கை, வேறு வழியில் கிடைக்கும் தகவல் இதை வச்சும் நடவடிக்கை எடுக்கலாம்னு சட்டம் சொல்லுது. அங்கே சொன்ன 278 விசாரணைக்கு, இங்கே சொன்ன எண்ணிக்கை ரீகாலுக்கு, ரெண்டும் அப்படியே ஒண்ணு இல்லைங்கறதும் தெரியும். நான் கேக்கறது வேற. எண்ணிக்கையைச் சட்டத்தில் எழுதி வச்சா போதுமா? எண்ணறது யாரு? எங்கே எண்ணறாங்க? கோளாறு முதல் முதலா பதிவாக வேண்டிய இடம் சர்வீஸ் சென்டர் கவுன்ட்டர். அங்கே அது 'ஜெனரல் செக்கப்' ஆகிடுது. மூணு சம்பவம், பூஜ்யம் புகார், முப்பது மார்க். இப்படி எண்ணினால் 1,250 எந்த யுகத்தில் வரும்?

சாஃப்ட்வேர் விஷயத்தில் இன்னும் மோசம். டெஸ்லா 2021 அக்டோபரில் விட்ட ஒரு வெர்ஷனால் வண்டிகள் வீணா பிரேக் போட்டுச்சு. காற்று வழியாவே அப்டேட் அனுப்பிச் சரி செஞ்சாங்க, யாரும் சர்வீஸ் சென்டர் வாசலை மிதிக்கக் கூட இல்லை. ஆனாலும் 11,704 வண்டிகளுக்கான ரீகால்னு அதை முறையா அரசாங்கத்தில் பதிவு பண்ணினாங்க. ஏன்னா பாதுகாப்புக் கோளாறைச் சரி செஞ்சா, ஸ்பேனரால் செஞ்சாலும் கோடால் செஞ்சாலும், அது ரீகால் தான். என் வண்டிக்கு ஒரு அப்டேட் போட்டாங்களே, அதில் என்ன மாத்தினாங்க? பிரேக்கைத் தொட்டாங்களா, பாட்டுப் பெட்டியைத் தொட்டாங்களா? ஆபீசில் ரிலீஸ் நோட்ஸ் இல்லாமல் ஒரு ரிலீஸ் போட்டா என் மேனேஜர் என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவார். ரெண்டு டன் இரும்புக்குள் உட்கார்ந்திருக்கற என் குடும்பத்துக்கு ரிலீஸ் நோட்ஸ் கிடையாது.

இதை நாலு பேர்கிட்ட சொன்னப்போ வந்த பதில்கள் சில.

"அஞ்சு ஸ்டார் வண்டிப்பா!" பாரத் என்கேப் 2023 அக்டோபரிலிருந்து நடக்குது, நல்ல விஷயம், வரவேற்கிறேன். 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் மோதினா, 50ல் பக்கவாட்டில் மோதினா உள்ளே இருக்கறவங்களுக்கு என்ன ஆகும்னு பிரதானமா அளக்கறாங்க. இடிச்ச பிறகு பிழைப்போமாங்கறதுக்கு அது பதில். நாலு மாசம் கழிச்சு அச்சரப்பாக்கம் தாண்டி வண்டிக்குப் பேய் பிடிக்குமாங்கறதுக்கு நட்சத்திரத்தில் பதில் இல்லை.

"ஆஃப் பண்ணிட்டு ஓட்டு." வசதிக்குன்னு ரெண்டு லட்சம் வாங்கிட்டு, ஆஃப் பண்ணச் சொல்றது தீர்வா? ஹோட்டலில் சாம்பாரில் பல்லி கிடந்தா, சாம்பார் ஊத்திக்காதீங்க சார்னு சொல்ற மாதிரி. நான் ஆஃப் பண்ணிடுவேன். இதே வண்டி வச்சிருக்கற, மெனுவுக்குள் போய் ஆஃப் பண்ணத் தெரியாத ரிட்டையர்டு வாத்தியார் என்ன செய்வார்?

"எல்லாம் டிரைவிங் தெரியாததால வர்றது." இதுக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கு. ஒருத்தர் 2015ல் ஹூண்டாய் க்ரெட்டா வாங்கினார். 2017 நவம்பரில் டெல்லி - பானிபட் சாலையில் விபத்து. காற்றுப்பை விரியலை, அடிபட்டார். கம்பெனி தரப்பு வாதம், மோதல் அந்த அளவுக்கு வேகமா இல்லைங்கறது. 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மோதலின் வேகம், விசை இதையெல்லாம் கணக்குப் போட வாடிக்கையாளர் இயற்பியல் நிபுணரா இருக்க வேண்டியதில்லைன்னு நீதிபதிகள் சொன்னாங்க. நஷ்டஈடும், மாற்று வண்டியும் கொடுக்கணும்ங்கற உத்தரவு உறுதியாச்சு. ஆனா ஒரு விஷயம் பாருங்க. விபத்து 2017, தீர்ப்பு 2022. ஒரு தனி மனுஷன் கமிஷன் கமிஷனா ஏறி இறங்கி, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனா தான் 'தப்பு உன்மேல் இல்லை'ன்னு சொல்ல ஆள் கிடைக்குது. எத்தனை பேரால் முடியும்?

கடைசியா ஒருத்தர் சொன்னது தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. அதே மாடல் வச்சிருக்கற நண்பர். அவருக்கும் ரெண்டு தடவை இப்படி ஆகியிருக்கு. புகார் எழுதலாம் வாங்கன்னு கூப்பிட்டேன். "வெளியே சொல்லாதீங்க பாஸ், ரீசேல் வேல்யூ விழுந்துடும்" என்றார்.

அப்போ என்ன செய்யப் போறீங்க? பேசாமல் வச்சிருந்து, மூணு வருஷம் கழிச்சு விவரம் தெரியாத இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டிடுவீங்க. அவங்க வீட்டிலும் பின் சீட்டில் ஒரு அம்மா உட்காருவாங்க. கம்பெனி மறைக்குதுன்னு நாம கத்தறோம். மறைக்கறதில் பாதி வேலையை நாம இலவசமா செஞ்சு கொடுக்கறோம். நண்பர் ரீசேலுக்காக. நான் ஒரு பையனோட இன்சென்டிவுக்காக. அவர் காரணம் கெட்டது, என் காரணம் நல்லதுன்னு வேணா சொல்லிக்கலாம். அந்த லாரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

நான் கேக்கறது பெரிய புரட்சி ஒண்ணும் இல்லை. வாடிக்கையாளர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதணும். பிரேக், ஸ்டியரிங், காற்றுப்பை, தீ சம்பந்தப்பட்ட புகார் எதுவா இருந்தாலும் கம்பெனி அதை அரசாங்கத்துக்கு அனுப்பியே ஆகணும். பேரையும் போன் நம்பரையும் நீக்கிட்டு அந்தப் புகாரை யாரும் பார்க்கற மாதிரி வெளியிடணும். பாதுகாப்புக்காகப் போடற சாஃப்ட்வேர் அப்டேட்டில் என்ன மாறியிருக்குன்னு எழுதிக் கொடுக்கணும். இது நாலும் நடந்தா, ஆயிரத்துக்கு மேல் புகார் வரணும்னு காத்திருக்கவே வேண்டியிருக்காது. முப்பதாவது புகாரிலேயே விவரம் தெரிஞ்சவன் ஒருத்தன் பிடிச்சுடுவான்.

அது நடக்கற வரைக்கும், கார் வச்சிருக்கற மக்களே, நம்ம கையில் இருக்கறதைச் செய்வோம். ஜாப் கார்டில் நீங்க சொன்னதை எழுத வச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. பிரதி வாங்காமல் வராதீங்க. டேஷ் கேமரா ஒண்ணு மாட்டுங்க, நம்ம அப்பா நம்பறதுக்காவது உதவும். புகாரை மெயிலில் அனுப்புங்க, தேதியும் இடமும் வேகமும் போட்டு.

நான் போன வாரம் நாலாவது தடவை போனேன். அதே தம்பி. நான் சொன்னதை அப்படியே எழுதுப்பான்னேன். "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல சார், லிஸ்ட்ல இருக்கறதைத் தான் செலக்ட் பண்ண முடியும்" என்றான். பிரின்ட் எடுத்துக்கொடு, பேனாவால் எழுதுன்னேன். ரொம்பத் தயங்கினான், உள்ளே போய் யார்கிட்டயோ கேட்டுட்டு வந்தான். கடைசியில் எழுதினான். 'முன்னால் வாகனம் இல்லாதபோது வண்டி தானாக பிரேக் பிடிக்கிறது. மூன்று முறை.' கீழே சீல் வச்சு வாங்கிட்டேன். நாலு விசிட்டில் முதல் உண்மையான வரி.

அப்புறம் வழக்கம் போல ஃபீட்பேக் கால். "எங்கள் சர்வீஸுக்குப் பத்துக்கு எவ்வளவு மதிப்பெண் தருவீங்க சார்?" பையனுக்குப் பத்து, வண்டிக்கு எவ்வளவு போடலாம்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ஒரு நொடி யோசிச்சுட்டுச் சொல்லுச்சு: "வண்டிக்குக் கேள்வி இல்லைங்க சார்."

அதான் பிரச்னையே, தாயி.

பி.கு 1: அம்மா இப்போ ஊரிலிருந்து ரயிலில் தான் வர்றாங்க. "உனக்கு டிரைவிங் இன்னும் கொஞ்சம் பழகட்டும்பா"ன்னு சொல்றாங்க.

பி.கு 2: உங்க வண்டியிலும் இப்படி ஏதாவது நடந்திருந்தா பின்னூட்டத்தில் எழுதுங்க. ஊர், வேகம், மாசம் போதும். வெறும் ரிப்பீட்டே போடறவங்களுக்கும் அனுமதி உண்டு, அதுவும் ஒரு எண்ணிக்கை தானே.

பி.கு 3: அந்த லாரி அண்ணன் யாருன்னு தெரியாது. எந்த ஊர் டீக்கடையில் நின்னாலும், அண்ணே, நல்லா இருக்கணும்.